முன்னூறு ஷீட்டில் திரும்பி நின்ற ‘க’

1. ‘க’வுக்குக் கல்யாணமா?

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி. தர்மபுரியில் ஒரு பிரஸ்ஸில் இருபத்தெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் செய்த வேலையில் முக்கால்வாசி இந்த மூன்றுதான். டிசைன் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, இதைப் படித்துச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போய்விடும்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் முருகேசன் சார் வந்தார். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். கையில் ஒரு நோட்டு. அதில் பென்சிலால் ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ கிறுக்கியிருந்தார்.

“ஜமீலாம்மா, ஆறு போஸ்டர் வேணும். ஒரே ஒரு எழுத்தோட வரலாறு. நம்ம ‘க’. அது எங்க பொறந்துச்சு, எப்படி எப்படி மாறி இன்னிக்கு இருக்கற மாதிரி வந்துச்சுன்னு பசங்களுக்குக் காட்டணும்.”

“போட்டோ எதாச்சும் இருக்குங்களா சார்?”

“போட்டோவே வேண்டாம். எழுத்து மட்டும்தான்.”

போட்டோ இல்லாத போஸ்டர் என்றால் எனக்குச் சோறு இல்லாத பந்தி மாதிரி. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து முதல் போஸ்டரை முடித்தேன். முதல் ‘க’ என்பது வெறும் கூட்டல் குறி. பழைய பிராமி எழுத்தில் அப்படித்தானாம். சும்மா ஒரு கூட்டல் குறியை எப்படி வைப்பது என்று, அதற்குத் தங்கக் கலரில் பார்டர் கொடுத்து, பின்னால் சூரியக் கதிர் விட்டு, நாலு மூலையிலும் ரோஜாப்பூ வைத்தேன். நிழலும் போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

சார் வந்து மானிட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“ஏம்மா, ‘க’வுக்குக் கல்யாணமா?”

எங்கள் பிரஸ் ஓனர் பெருமாளண்ணன் பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, “அப்போ நீங்களே பண்ணிக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டேன். சார் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒவ்வொண்ணா எடும்மா. பூவ எடு. சரி. கதிர எடு. சரி. அந்தத் தங்கத்தையும் எடு. நிழல எடு.”

ஒவ்வொன்றாக டெலிட் பண்ணினேன். கடைசியில் வெள்ளைத் தாளில் கறுப்பாக ஒரு கூட்டல் குறி மட்டும் நின்றது. அதைக் கொஞ்சம் பெரிசாக்கினேன். இன்னும் பெரிசாக்கினேன். தாளின் முக்கால் இடத்தை அது எடுத்துக்கொண்டபோது, மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அத்தனை வருஷத்தில் நான் பண்ணின எதுவும் அவ்வளவு கம்பீரமாக நின்றதில்லை.

“உன் பேரையும் கீழ போடும்மா. வடிவமைப்புன்னு” என்றார் சார்.

ஆயிரக்கணக்கான மாப்பிள்ளை பெண்ணுடைய பெயரை அடித்திருக்கிறேன். என் பெயரை நான் அடித்து அச்சுக்குப் போவது அதுதான் முதல் தடவை.

2. எண்ணெய் இறக்கும் நாள்

இரண்டாவது போஸ்டரில்தான் சிக்கல். வட்டெழுத்துக் காலத்து ‘க’. அந்த எழுத்துக்கு நெட்டில் ஃபாண்ட்டே கிடைக்கிறது. ஆனால் சாருக்கு அது வேண்டாம்.

“நம்ம மாவட்டத்துல நடுகல் இல்லாத பக்கமே கெடையாது. அதுலயே ‘க’ இருக்கறப்போ ஃபாண்ட் எதுக்கு? பசங்க தெனம் தாண்டிப் போற கல்லுல இருந்து எடுத்தாத்தானே நம்ம எழுத்துன்னு நெனப்பாங்க?”

அவர் சொன்ன கல், பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மாதம்மா என்பவருடைய கொல்லையில் நிற்கிறது. மாட்டை மீட்கப் போய்ச் செத்த ஒரு வீரனுக்கு நட்ட கல். கையில் வில்லோடு ஆள் நிற்பான், தலைக்கு மேல் மூன்று வரி எழுத்து. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது கல் அல்ல, வேடியப்பன் சாமி. எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி எழுத்து இருக்கிற இடமே தெரியாது. கல்லுக்கு ஒரு பக்கம் வேப்பமரம், இன்னொரு பக்கம் கிணறு.

மாதம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சாமிக்கு விளக்கு வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். நாங்கள் போனபோது தக்காளிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

“எழுத்தப் பாக்கணுமுங்களா? வருசத்துக்கு ஒரு நாளுதான் சாமிக்கு எண்ணெ எறக்குவோம். சீயக்கா போட்டுத் தேச்சுக் கழுவுவேன். அன்னிக்கு வாங்க. மத்த நாளு ஆவாதுங்க.”

அந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காத்திருந்தோம். அன்றைக்குக் காலையில் நானும் சாரும் போனபோது, மாதம்மா கல்லைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டிருந்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சார் கையெடுத்துக் கும்பிட்டார், கல்லையா எழுத்தையா என்று தெரியவில்லை. நான் பையிலிருந்து பட்டர் பேப்பரையும் ஒரு கறுப்பு மெழுகுக் கட்டியையும் எடுத்தேன். பேப்பரைக் கல்லின் மேல் வைத்து மேலே தேய்த்தால், பள்ளமாக இருக்கும் எழுத்து வெள்ளையாக நின்றுவிடும்.

“அய்ய, சாமி மேல கரியா? அதெல்லாம் வேண்டாமுங்க” என்று மாதம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேப்பர் மேலதான் படும், கல்லு மேல படாது.”

“பட்டாலும் படாட்டியும் கறுப்பு ஆவாதுங்க பாயம்மா. இருங்க.”

வீட்டுக்குள் போய் ஒரு காவிக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கோயில் சுவரில் பட்டை அடிப்பார்களே, அந்தக் காவி.

“நான் சாமியத் தொடலாமுங்களா?” என்று கேட்டேன். கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

“செருப்ப அங்க வுட்டுட்டு, கைகால் கழுவிட்டுத் தொடுங்க. சாமி என்னா, ஆளப் பாத்தா வருது?”

காவியால் தேய்த்தேன். மூன்று வரியும் அழகாக விழுந்தது. பேப்பரைச் சுருட்டும்போது மாதம்மா ஒரு கண்டிஷன் போட்டார். எந்தப் பத்திரிகை அடித்தாலும் முதல் பத்திரிகை குலசாமிக்கு வைப்பது அங்கே வழக்கம். அதனால் போஸ்டரும் முதல் காப்பி வேடியப்பனுக்கு வந்துவிட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிரஸ்ஸுக்கு வந்து ஸ்கேன் போட்டேன். தவறு நடந்தது இங்கேதான், கவனமாகப் படியுங்கள். காவிப் பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. ஸ்கேனர் கண்ணாடி பாழாகிவிடுமே என்று, காவி இருக்கும் பக்கத்தை மேலே பார்க்க வைத்து, பேப்பரின் முதுகைக் கண்ணாடியில் வைத்தேன். பட்டர் பேப்பர் என்பதால் மறுபக்கம் அப்படியே தெரியும். ஆனால் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். அதைக் கம்ப்யூட்டரில் மறுபடி திருப்பிவிட்டிருக்க வேண்டும். நான் திருப்பாமலே, மூன்று வரியிலிருந்து ‘க’வை மட்டும் வெட்டிக் கறுப்பாக்கிப் போஸ்டரில் வைத்துவிட்டேன்.

எங்கள் பிரஸ்ஸில் பிளேட் போடுவதற்குப் பட்டர் பேப்பரில் எடுக்கும் பிரிண்ட்டை எப்போதும் மிர்ரராக, இடம் வலம் திருப்பித்தான் எடுப்போம். திரும்பி நிற்கும் தமிழை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, என் கண்ணுக்கு அது நேராகவே தெரியும். மற்ற யாராவது என்றால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் படவில்லை.

3. கொக்கி போகும் பக்கம்

புரூஃபைப் பார்த்த முருகேசன் சார் குதிக்காத குறை.

“ஜமீலாம்மா! புத்தகத்துல இருக்கற வட்டெழுத்து ‘க’ இப்படி இல்லம்மா. கீழ இருக்கற கொக்கி எதிர்ப்பக்கம் போவுது பாரு. இது நம்ம பக்கத்துக்குன்னே இருந்த வடிவம்! இதுவரைக்கும் யாரும் இதச் சொன்னதில்ல.”

“அப்படிங்களா சார்?”

“அப்படித்தான். கீழ ஒரு வரி போடு. ‘நம் பகுதிக்கே உரிய அரிய வடிவம்.’ ஸ்கூல்ல போஸ்டர் கண்காட்சி தெறப்பு விழாவுல நான் பேசப் போறதே இதப் பத்தித்தான். மாவட்டத்துல இருந்து பெரிய அதிகாரி வர்றாரு.”

வரியைப் போட்டேன். ஆறு போஸ்டரும் முன்னூறு முன்னூறு ஷீட் ஓடி முடிந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் கொடுக்கப் போவதாகச் சார் சொன்னார். கடைசி ஷீட்டில் என் பெயரைப் பார்த்துப் பார்த்து ரசித்தேன். வீட்டுக்காரரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். “எழுத்து சின்னதா இருக்கே” என்றார். அவர் சொன்னது என் பெயரை.

விழா வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலையில் முதல் காப்பியை எடுத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு பஸ் ஏறினேன். மாதம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டாவது போஸ்டரைக் கல்லுக்கு முன்னால் சாத்தி வைத்தார். கல் மறுபடியும் எண்ணெயும் மஞ்சளுமாக இருந்தது. எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. சூடம் ஏற்றினார். அணைந்த பிறகும் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாயம்மா, இது எங்க சாமி எழுத்துதானுங்களா?”

“ஆமாங்க. அன்னிக்குத் தேச்சு எடுத்தோமே, அதேதான்.”

“எனக்குப் படிப்பு ஏறலைங்க. கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ஆனா வருசா வருசம் இந்த ஒவ்வொரு குழியிலயும் வெரல வுட்டுத்தான் அழுக்கு எடுக்கறேன். இந்தக் கொக்கி எங்க சாமிக்கு வேப்பமரத்துப் பக்கமாப் போவும். இதுல கெணத்துப் பக்கமாப் போவுதே?”

“இல்லைங்க, இருக்காதுங்க” என்றேன். மாதம்மா வாதம் பண்ணவில்லை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, எண்ணெய்க்கு அடியில் இருந்த பள்ளத்தில் வைத்து, மெதுவாக நகர்த்தினார். மேலிருந்து கீழே வந்தது. அடியில் வளைந்தது. வளைந்து வேப்பமரத்துப் பக்கம் போனது.

கையை எடுத்துவிட்டுப் போஸ்டரைப் பார்த்தேன். காவிப் பொடி, ஸ்கேனர் கண்ணாடி, நான் பேப்பரைக் கவிழ்த்து வைக்காமல் மல்லாத்தி வைத்தது, எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. யா அல்லா, என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

“தப்பாயிடுச்சுங்க” என்றேன்.

“அடிச்சு முடிச்சுட்டீங்களா?”

“முன்னூறு.”

“அடக் கருமமே” என்று மாதம்மா தலையில் கை வைத்தார். பிறகு, “செரி, காப்பி குடிச்சுட்டுப் போங்க. பதட்டத்துல பஸ் மாத்தி ஏறிடப் போறீங்க” என்றார்.

4. ஆளே இல்லாத எழுத்து

பொய் சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, மூடி மறைத்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த எழுத்தை ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாது. சாருக்கே சந்தேகம் வரவில்லை. கண்டுபிடித்த ஒரே ஆளும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் கீழே என் பெயர் இருக்கிறதே. அதுவும் போகட்டும், வெள்ளிக்கிழமை மேடையேறி ஒரு நல்ல மனுஷன், என் ஸ்கேனர் பண்ணின கோளாறை ஊருக்கே உரிய வடிவம் என்று பேசுவார். என்றைக்காவது விஷயம் தெரிந்த ஒருவர் அந்தப் போஸ்டரைப் பார்த்தால், சிரிப்பது என்னைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.

நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சார் மேஜையில் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். நான்கு பக்கம் நிரம்பியிருந்தது.

சொன்னேன். நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சார் பேனாவை மூடி வைத்தார். போஸ்டரை எடுத்துச் சுவரில் வைத்து, புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போஸ்டரைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தார். புத்தகத்தில் இருந்த ‘க’ அப்படியே நின்றது.

“நாலு பக்கம் எழுதிட்டேனேம்மா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“என் தப்புதான் சார்.”

“உன் தப்பு பாதி. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சுட்டேன்னு ஆடுனது என் தப்பு. மறுபடி ஒரு தடவ கல்லுகிட்டப் போய்த் தொட்டுப் பாத்திருக்கலாமில்ல? ஆசை கண்ண மறைச்சிடுச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா அந்தம்மாவுக்கு எழுத்தே தெரியாதேம்மா, எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்றார்.

“எழுத்து தெரியாதுங்க சார். அந்த ஒரு எழுத்தத் தெரியும்.”

சார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். நான்கு பக்கத்தில் மூன்றைக் கிழித்தார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மீதிப் பாதி பெருமாளண்ணன் கையில் இருந்தது. பிரஸ்ஸுக்குப் போய்ச் சொன்னதும் எகிறினார்.

“ஏம்மா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? முன்னூறு ஷீட்டையும் பழைய பேப்பர்ல போடவா? யாரு படிக்கப் போறா அந்த எழுத்த? சொல்லு, யாரு படிக்கப் போறா?”

“யாரும் படிக்க மாட்டாங்கண்ணா. அதனாலதான் சொல்றேன். கல்யாணப் பத்திரிகையில தப்பு வந்தா மாப்ள வூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. கண்ணீர் அஞ்சலியில தப்பு வந்தா செத்தவரோட பங்காளி வருவான். இந்த எழுத்துக்குச் சண்டைக்கு வர ஆளே இல்லண்ணா. நாமளும் வுட்டுட்டா எப்படி?”

அண்ணன் முறைத்தார். மெஷின் பக்கம் போனார். அங்கே நின்றுகொண்டு எதையோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

“நின்னு வேடிக்கை பாக்காத. திருப்பிப் போட்டுப் புரூஃப் எடு. இந்தத் தடவ ஒழுங்காத் திருப்பு. ரெண்டு தடவ திருப்பிடாத” என்று கத்தினார். மறுநாள் மெஷின் ஓட்டும் பையன் லீவு. வியாழக்கிழமை மதியம் அண்ணனே சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு ஓட்டினார். ஓடி வந்த முதல் ஷீட்டைப் பிடித்து, “நல்லாத்தான் இருக்குது போ” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

புது ஷீட்டில் ‘அரிய வடிவம்’ வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், என் பெயருக்கு மேலே, அதே அளவில் இன்னொரு வரி சேர்த்தேன். யாரையும் கேட்கவில்லை.

5. திறப்பு விழா

வெள்ளிக்கிழமை ஆறு போஸ்டரும் பள்ளிக்கூட ஹாலில் வரிசையாகத் தொங்கின. கூட்டல் குறி, நடுகல், செப்பேடு, ஓலை, ஈய அச்சு, கடைசியில் செல்போன் திரை. ஆறு வெள்ளைத் தாள், ஆறு கறுப்பு ‘க’. வந்த ஒரு அப்பா முதல் போஸ்டரைப் பார்த்துவிட்டு, “கண் ஆஸ்பத்திரி கேம்ப்புங்களா?” என்று கேட்டார். அதைத் தவிர எல்லாம் நன்றாகவே போனது.

சார் மேடையில் மீதியிருந்த ஒரு பக்கத்தைப் பேசினார். பிறகு பேப்பரை மடித்துவிட்டு, தான் ஏமாந்த கதையை அவரே சொன்னார். எதையும் விடவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாதம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இரண்டாவது போஸ்டருக்கு அடியில் இருந்த வரியைக் காட்டினேன்.

“என்னாங்க இது?”

“உங்க பேரு. ‘பிழை திருத்தியவர்: மாதம்மா’ன்னு போட்டிருக்குது. பிரஸ்ஸுல இது பெரிய வேலைங்க. இவங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் வெளிய போவும்.”

போஸ்டர் வரிசைக்கு முன்னால் கட்டியிருந்த ரிப்பன் பக்கத்தில் அதிகாரி கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தார். தலைமையாசிரியர், “அம்மா, கொஞ்சம் நகருங்க” என்றார்.

மாதம்மா நகரவில்லை. “நாஞ் செரின்னு சொல்லணுமாமில்ல, இருங்க” என்றார்.

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, கறுப்பு ‘க’வின் உச்சியில் வைத்தார். மெதுவாகக் கீழே இறக்கினார். வளைவில் நின்று, கொக்கியோடு போய், அது முடிகிற இடத்தில் விரலை எடுத்தார். அத்தோடு விடுவார் என்று நினைத்தேன். அவர் பொறுப்பான ஆள். மூன்றாவது போஸ்டருக்குப் போனார். நான்காவதற்குப் போனார். தனக்குத் தெரியாத எழுத்தையும் தலையைச் சாய்த்துச் சாய்த்து, ஒன்று விடாமல் பார்த்து முடித்தார். அதுவரைக்கும் மாவட்ட அதிகாரி கத்தரிக்கோலைப் பிடித்தபடியே நின்றார்.

கடைசியில் மாதம்மா திரும்பிப் பார்த்து, “செரியாத்தான் இருக்குது. இப்ப வெட்டுங்க” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். புரூஃபைப் படிக்கத் தெரிந்தவர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். அந்தப் பொருளைக் கையால் தொட்டுப் புழங்குகிற ஒருவரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பஸ்ஸில் போக வேண்டியிருந்தாலும் போங்கள். நான் இப்போது அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன், சந்தோஷமாகவே போகிறேன்.